டெஸ்டர் உயிரோடு இருக்கிறதா?

அத்தை,

இன்று காலை வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். ஹால் விளக்கு எரியவில்லையாம். போய்ப் பையைத் தரையில் வைத்து, டெஸ்டரை எடுக்கக் கைவிட்டேன். டெஸ்டர் தனியாக வரவில்லை. நீங்கள் கட்டிக்கொடுத்த நூல் அதன் கொக்கியில் சிக்கிக்கொண்டு கூடவே வந்தது. பத்து முடிச்சு, பத்து நிறம். சால்டரிங் பேஸ்ட்டின் குங்கிலிய வாசனை அதில் நன்றாக ஏறிப்போயிருக்கிறது.

மின்னோட்டத்தைக் குறைக்கும் சின்ன ரெசிஸ்டர் உடம்பில் எண் எழுத இடம் கிடையாது, அதனால் நிறத்தில் கோடு போட்டிருப்பார்கள், எந்த நிறம் எந்த எண் என்பது மனப்பாடமாக இருக்க வேண்டும் என்று நான் ஒருநாள் அலுத்துக்கொண்டேன். மறுநாளே இதைக் கட்டி என் கையில் கொடுத்தீர்கள். கருப்பு சுழியம், அதற்கு என் மகளின் அரைஞாண் கயிற்றிலிருந்து ஒரு துண்டு. பழுப்பு ஒன்று, பழுப்பு நூல் கிடைக்கவில்லை என்று தேங்காய் நார். சிவப்பு கோயிலில் கையில் கட்டிவிட்ட கயிறு. ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், ஊதா எல்லாம் ரவிக்கை தைக்கும் பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்டு வாங்கியவை. சாம்பல் நிறத்துக்கு என்ன செய்வது என்று யோசித்து, வெள்ளை நூலில் திருநீற்றைக் குழைத்துத் தடவினீர்கள். அது ஒரே மாதத்தில் உதிர்ந்துபோனது. அன்றிலிருந்து இந்தக் கயிற்றில் எட்டும் ஒன்பதும் ஒரே நிறம்தான்.

நான் குறை சொன்னபோது, "எட்டா ஒம்பதான்னு சந்தேகம் வந்தா மீட்டர் வச்சிப் பாரு. எல்லாத்தயும் கயிறே சொல்லிடுமா?" என்றீர்கள்.

நீங்கள் போய் இந்த ஆடியோடு இரண்டு வருஷம் ஆகிறது. இந்த இரண்டு வருஷமும் உங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்லாமலே திரிகிறேன். நீங்கள் இருந்தபோதும் சொல்லவில்லை. மாமியாரிடம் நன்றி சொல்லும் வழக்கம் நம் பக்கத்தில் யாருக்கு இருக்கிறது? அப்படியே சொல்லியிருந்தாலும், "இன்னாடி, காச்சலா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். நான் இன்று உயிரோடு இருப்பதற்கு நீங்கள் கேட்ட ஒரு கேள்விதான் காரணம்.

நான் படிக்கப் போகிறேன் என்று சொன்ன நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. டவுனில் ஒரு பயிற்சி மையத்தில் எலக்ட்ரீஷியன் வகுப்பு, காலையில் போனால் மத்தியானம் வீடு திரும்பிவிடலாம், பெண்களும் சேரலாம் என்று உங்கள் பிள்ளை தன் ஆட்டோவில் வந்த யாரோ சொல்லிக் கேட்டு வந்தார். எனக்கு ஆசை. ஆனால் உங்களிடம் கேட்கப் பயம். பன்னிரண்டாவது முடித்தவள்தான், படிப்பு நின்று நாலு வருஷமாகியிருந்தது. குழந்தையை யார் பார்ப்பது, ஊர் என்ன சொல்லும் என்றெல்லாம் நீங்கள் கேட்பீர்கள் என்று நானே பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அதப் படிச்சா கரண்டு பீஸ் போடத் தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்ப போ. பீஸ் போயி மூணு நாளு அந்த ஒயர்மேன் வீட்டு வாசல்ல போய் நின்னுக்கினு இருக்க என்னால முடியல."

அவ்வளவுதான். தயார் செய்த பதில்கள் எல்லாம் வீணாயின.

வகுப்பில் சேர்ந்த பிறகுதான் எனக்கு வினை வந்தது. கைவேலை சட்டென்று வந்துவிட்டது, வார்த்தைகள் வரவில்லை. நோட்டில் மின்தேக்கி என்று எழுதிப்போடுவார்கள். பம்ப்செட் பார்க்க வருகிறவர் அதையே கண்டன்சர் என்பார். கடைக்குப் போனால் கெப்பாசிட்டர் என்று கேட்டால்தான் கொடுப்பார்கள். ஒரே பொருளுக்கு இத்தனை பெயரா என்று நோட்டைத் தூக்கி எறிந்தேன். எனக்குக் கோபம் எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் விதைக்கடலைக்காக மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தீர்கள். எழுந்து போய் நோட்டை எடுத்து, தூசியைத் தட்டினீர்கள்.

"உங்கம்மா உன்ன ஒரு பேர் சொல்லிக் கூப்புடுது. நான் ஒரு பேர் சொல்லிக் கூப்புடறேன். ரேஷன் கார்டுல வேற பேரு. ஆளு ஒண்ணுதான? உக்காரு. நான் கேக்கறேன், நீ சொல்லு."

ஐந்தாவது வரை படித்தவர் நீங்கள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பீர்கள். மின், னோட், டம். மின், னழுத், தம். அந்த வேகத்தில் கேள்வி வருவதற்குள் எனக்குப் பதில் நினைவுக்கு வந்துவிடும். அதுவே எனக்கு வசதியாகப் போயிற்று. சரியாகச் சொன்னால் எனக்கு ஒரு மல்லாட்டைப் பருப்பு, தப்பாகச் சொன்னால் உங்களுக்கு. முதல் வாரம் உங்களுக்குத்தான் வயிறு நிறைந்தது.

இரண்டாவது நாளே நீங்கள் ஒரு சட்டம் போட்டீர்கள். "பொருளக் காட்டு. பொருள் இல்லாத வார்த்தைய நான் கேக்க மாட்டேன்." அதற்காக நான் பழைய ரேடியோ, கெட்டுப்போன டிவியின் போர்டு எல்லாம் தேடிப்பிடித்து, ஒவ்வொன்றாகக் கழற்றி வந்தேன். அவற்றை ஒரு மஞ்சள் பையில் போட்டு வைத்தீர்கள். கேள்வி கேட்கும்போது பைக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டுவீர்கள். மூன்று கால் வைத்த கருப்புப் பொட்டு ஒன்றைக் காட்டி, இதுதான் டிரான்சிஸ்டர் என்று நான் சொன்னபோது நீங்கள் நம்பவே இல்லை. உங்கள் அப்பா வைத்திருந்த ரேடியோவுக்குத்தானே அந்தப் பெயர் என்று வாதம் செய்தீர்கள். அதன் உள்ளே இருக்கும் இந்தப் பொட்டின் பெயரைத்தான் ஊர் முழுப் பெட்டிக்கும் வைத்துவிட்டது என்று விளக்க அரைமணி ஆயிற்று.

மோட்டாரின் கண்டன்சரை ஒருநாள் கழற்றிக்கொண்டுவந்தேன். அதன் இரண்டு முனையையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துத் தொட்டதும் பட்டென்று நெருப்புப் பொறி பறந்தது. நீங்கள் முறத்தோடு துள்ளி எழுந்தீர்கள்.

"கயட்டிதான எடுத்தாந்த? இன்னும் எங்கேர்ந்து வருது?"

"உள்ள சேத்து வச்சிருக்கும் அத்தை. லைன நிறுத்தினாலும் அது வச்சிக்கினுதான் இருக்கும். அதனாலதான் தொடறதுக்கு முன்னாடி எறக்கி விடணும்."

"மாமியா கோவம் மாதிரின்னு சொல்லு," என்று சிதறிய பருப்பைப் பொறுக்க ஆரம்பித்தீர்கள். தூளியில் கிடந்த குழந்தை விழித்துக்கொள்ளும் அளவுக்கு நான் சிரித்தேன்.

டையோடுதான் எனக்குக் கடைசிவரை முரண்டு பிடித்தது. ஒரு திசையில் மின்னோட்டத்தை விடும், எதிர்த்திசையில் விடாது. எத்தனை முறை படித்தாலும் அந்த அம்புக்குறி எந்தப் பக்கம் என்று குழம்பும். அன்று பௌர்ணமிக்கு முந்தின நாள். அதற்குள்ளாகவே நம் வீட்டு வாசலில் ஜனம் போக ஆரம்பித்திருந்தது. நீங்கள் ரோட்டைக் காட்டினீர்கள். "இதோ போறாங்களே, யாராவது திரும்பி வராங்களா பாரு. அதான் இது." கிரிவலப் பாதையிலேயே வீடு இருந்தும், கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தினமும் பார்த்தும், எனக்கு அது தோன்றவில்லை. அதன் பிறகு டையோடு எனக்கு மறக்கவில்லை.

விளையாட்டாகப் போய்க்கொண்டிருந்த இந்தக் கேள்வி பதில், எர்த் வந்த நாளில் மாறியது.

நோட்டில் புவியிணைப்பு என்று இருந்தது. நீங்கள் எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வழக்கம்போல் பொருளைக் கேட்டீர்கள். பையில் போடுகிற மாதிரிப் பொருள் இல்லை அத்தை, எர்த்துன்னா பூமிதான் என்றேன். மோட்டாரின் உள்ளே கம்பியின் மேல்பூச்சு கெட்டுப்போனால் கரண்ட் அதன் இரும்பு உடம்புக்கு வந்துவிடும்; அதை மண்ணுக்குள் இறக்கிவிட ஒரு கம்பி வேண்டும் என்று ஒப்பித்தேன்.

"அந்தக் கம்பி இல்லாட்டி?"

"இரும்பு உடம்புலயே நிக்கும். யார் தொடறாங்களோ அவங்க வழியா எறங்கும்."

"மாடு தொட்டாலும்?"

"மாட்டுக்கு இன்னும் ஜாஸ்தி அத்தை. அதுங்க வெறுங்காலோட ஈரத்துல நிக்கும்."

உங்கள் கையிலிருந்த காய் உரிபடாமல் அப்படியே நின்றது. செவலை மாட்டைப் பற்றி அதற்கு முன் அரைகுறையாகத்தான் கேள்விப்பட்டிருந்தேன். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முந்தின வருஷம், நடவு அவசரத்தில் அதை மோட்டார் கொட்டகையின் இரும்புக் கதவில் கட்டிவிட்டு வயலுக்குள் இறங்கியிருக்கிறீர்கள். திரும்பி வந்தபோது அது விழுந்து கிடந்திருக்கிறது. பாம்பு கடித்தது என்றார்கள் சிலர். கண்ணேறு என்றார்கள் சிலர். அந்த வருஷம் நீங்கள் நேர்ந்துகொண்ட பொங்கலை வைக்கவில்லை, அதனால்தான் அம்மன் எடுத்துக்கொண்டாள் என்று உங்கள் சொந்தக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு மூன்று பொங்கல் வைத்தும் உங்கள் மனம் ஆறவில்லை.

அன்று ராத்திரி நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் காலை எழுந்ததும் என்னை எழுப்பினீர்கள். "வா. காட்டு." கொட்டகைக்குப் போனோம். மோட்டாரிலிருந்து எர்த் கம்பி என்று ஒன்று கிளம்பி, கதவுக்குப் பின்னால் எதிலும் சேராமல் துருப்பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டாரைத் தாங்கும் இரும்புச் சட்டமும் கதவின் நிலையும் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருந்தன. நான் விரலால் காட்டிக்கொண்டே போனேன். நீங்கள் அந்தத் தொங்கும் கம்பியின் முனையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"அப்ப நான் பொங்கல் வைக்காததுக்கு இல்ல."

"இல்ல அத்தை."

"நான் கட்னதாலதான?"

உள்ளதைச் சொன்னேன். "கட்னது நீங்கதான். ஆனா இந்தக் கம்பி மண்ணுல இருந்திருந்தா, நீங்க எங்க கட்டியிருந்தாலும் அது செத்திருக்காது. உங்களுக்கு இது யாரும் சொல்லல."

நீங்கள் அழுததை அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன். சத்தம் இல்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதீர்கள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னதை நான் மறக்கவே மாட்டேன். "செல்வி, இனிமே இந்த வீட்ல கரண்டால ஒரு உயிரு போவக் கூடாது. நீ ஒழுங்காப் படி."

அந்த வாரமே உங்கள் பிள்ளையைக் குழி தோண்ட வைத்தீர்கள். இரும்புக் குழாயை நிறுத்தி, சுற்றிக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். எர்த் குழி காயக் கூடாது, ஈரம் இருந்தால்தான் வேலை செய்யும் என்று நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, தினமும் காலையில் துளசிக்கு ஊற்றிவிட்டு அதற்கும் ஒரு குடம் ஊற்றினீர்கள். போகிறவர் வருகிறவர் எல்லாம் அங்கே என்ன செடி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். "மாட்டுக்காவ ஊத்தறேன்," என்று மட்டும் சொல்வீர்கள். அவர்களுக்குப் புரிந்ததா என்று நீங்கள் கவலைப்பட்டதில்லை.

அதற்குப் பிறகு உங்கள் கேள்விகளில் விளையாட்டு குறைந்தது. நான் தப்பாகச் சொன்னால் பருப்பை நீங்கள் வாயில் போட்டுக்கொள்வதில்லை. முறத்தில் திரும்பப் போட்டுவிட்டு, மறுபடி அதே கேள்வியைக் கேட்பீர்கள். பாதுகாப்பு என்று தலைப்பிட்ட பக்கத்தை மட்டும் தினமும் கேட்டீர்கள். அதில் ஐந்தாவது கேள்வி எனக்கு அலுத்தே போனது. "கம்பியில் மின்சாரம் இல்லை என்று எப்படி உறுதி செய்வாய்?" நான் கிளிப்பிள்ளைபோல ஒப்பிப்பேன். மின்சாரம் இருப்பது தெரிந்த இடத்தில் டெஸ்டரை முதலில் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். பிறகு மறுபடி தெரிந்த இடத்தில் வைக்க வேண்டும். மூன்று முறை. வாய் சொல்லும், மனம் அடுப்பில் இருக்கும் குழம்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. பௌர்ணமிக்காக வாசலில் நீங்கள் போடும் டீ, சுண்டல் கடைக்குக் கொட்டகை போட்டாயிற்று. அதில் தொங்கவிட்ட விளக்கு எரியவில்லை. மத்தியானம், நல்ல வெயில். நான் சுவிட்சை அணைத்தேன். ஸ்டூலைப் போட்டு ஏறினேன். நீங்கள் கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டீர்கள். ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். இரண்டு முனையிலும் எரியவில்லை. டெஸ்டரை இடுப்பில் செருகிவிட்டு, ஒரு கையால் கொட்டகையின் இரும்புக் குழாயைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கம்பிக்கு நீட்டினேன்.

"டெஸ்டர் உயிரோட இருக்குதா?"

"இன்னா அத்தை?"

"டெஸ்டர் உயிரோட இருக்குதான்னு பாத்தியா?"

எனக்குக் கோபம் வந்தது. வெயில், வியர்வை, மேலே கை வலிக்கிறது, கீழிருந்து ஐந்தாவது கேள்வி. "முந்தாநேத்து கூட எரிஞ்சுதே அத்தை!"

"முந்தாநேத்து அந்தப் பல்பு கூடத்தான் எரிஞ்சுது. எறங்கு."

"சுவிட்ச நிறுத்திட்டேன்."

"எறங்குடி!"

நீங்கள் என்னை அப்படி அதட்டியதே இல்லை. முணுமுணுத்துக்கொண்டே இறங்கி, உள்ளே போய், மின்விசிறி ஓடிக்கொண்டிருந்த சுவிட்ச் போர்டின் பிளக் ஓட்டையில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. மறுபடி வைத்தேன். மின்விசிறி தலைக்கு மேல் சுற்றுகிறது, டெஸ்டர் எரியவில்லை. திறந்து பார்த்தால், உள்ளே இருக்கும் சின்ன ஸ்பிரிங் துருவேறி உடைந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலிருந்து வேறு டெஸ்டர் வாங்கி வந்து, முதலில் பிளக்கில் வைத்தேன், எரிந்தது. ஸ்டூலில் ஏறி ஹோல்டரில் வைத்தேன். எரிந்தது. சுவிட்சை அணைத்த பிறகும் அங்கே கரண்ட் நின்றுகொண்டிருந்தது. கொட்டகைக்கு லைன் இழுத்தவர் சுவிட்சைக் கரண்ட் வரும் பேஸ் கம்பியில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் கம்பியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அப்படிப் போட்டால் சுவிட்ச் விளக்கைத்தான் அணைக்கும், கரண்ட்டை நிறுத்தாது. ஒரு கையில் மண்ணில் நட்ட இரும்புக் குழாய், மறு கையில் அந்தக் கம்பி. கொஞ்ச நேரத்துக்கு முன் நான் அதைத்தான் தொடப்போனேன்.

இறங்கி வந்து ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தீர்கள். "எப்படித் தெரிஞ்சுது அத்தை?" என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? படிச்சது நீ, பதில் சொன்னது நீ. கேட்டது மட்டுந்தான் நான்."

அந்த ஒரு பேச்சை நான் எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்பது உண்மை இல்லை. ஆனால் ஒன்று உண்மை. எனக்குப் பதில் தெரிந்திருந்தும் அது என்னைக் காப்பாற்றவில்லை. கீழே நின்று கேட்க ஒருவர் இருந்ததால்தான் பிழைத்தேன். அன்று மாலை நீங்கள் என்னிடம் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. உரித்த பருப்பு அத்தனையையும் என் மடியில் கொட்டிவிட்டு எழுந்து போனீர்கள்.

பரீட்சையில் எழுதுவது எல்லாம் நன்றாகவே போனது. வாய்மொழித் தேர்வில்தான் மானம் போயிற்று. மேசைக்கு அந்தப்பக்கம் பெரிய கண்ணாடி போட்ட ஒரு சார். என் கையில் ஒரு டையோடைக் கொடுத்து, இது என்னம்மா, என்ன செய்யும் என்று கேட்டார். பதற்றத்தில் என் வாயில் வந்தது, "கிரிவலம் சார்."

பக்கத்தில் நின்ற பையன்கள் சிரித்துவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "என்னம்மா சொல்ற?"

இனி மறைத்துப் பயனில்லை என்று முழுவதையும் சொன்னேன். "எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவாங்க சார். எதிர்ப்பக்கம் யாரும் வர மாட்டாங்க. டையோடும் கரண்ட்ட ஒரு பக்கமாத்தான் விடும் சார்."

அவர் சிரிக்கவில்லை. டையோடை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, எதிர்ப்பக்கம் ஒரேயடியா தள்ளிக்கிட்டு வந்தா?"

"ஒரு அளவு வரைக்கும் தடுக்கும் சார். அதுக்கு மேல வோல்டேஜ் ஜாஸ்தியானா தாங்காது, உடைஞ்சிடும்."

"யாரு உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"எங்க அத்தை சார்."

"அவங்களும் எலக்ட்ரீஷியனா?"

"இல்ல சார், டீக்கடை." அவர் தலையை ஆட்டிக்கொண்டே மார்க் போட்டார். வீட்டுக்கு வந்து சொன்னதும், "மலையச் சொல்லி மார்க் வாங்கிட்டியா? கெட்டிக்காரிதான்," என்று கேலி செய்தீர்கள். ஆனால் தெருவில் ஒரு வீடு விடாமல் நீங்களே போய் இந்தக் கதையைச் சொன்னீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

வேலை அவ்வளவு சுலபமாக வரவில்லை. பொம்பளை வந்து ஏணியில் ஏறுவதா என்று தயங்கினார்கள். உங்கள் தம்பி வீட்டு மிக்சியில் ஆரம்பித்து, அங்கன்வாடியின் மின்விசிறி, பூக்கடை அக்காவின் சீரியல் விளக்கு என்று ஒவ்வொன்றாக நீங்கள்தான் பிடித்துக் கொடுத்தீர்கள். முதல் ஒரு வருஷம், மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஒவ்வொரு வேலைக்கும் கூடவே வந்தீர்கள். நான் மேலே ஏறினால் நீங்கள் கீழே ஏணியைப் பிடித்துக்கொள்வீர்கள். "மருமக மேல, மாமியா கீழ, நல்லாத்தான் இருக்குது உங்க குடும்பம்," என்று தெருவில் கிண்டல் செய்தார்கள். "நான் கீழ நின்னாதான் அவ மேல நிப்பா, போடா," என்று விரட்டுவீர்கள். ஒரு வீட்டில்கூட அந்தக் கேள்வியை நீங்கள் விடவில்லை. நான் ஏறுவதற்கு முன் ஒரு முறை, இறங்கிய பிறகு ஒரு முறை. சில வீடுகளில் எனக்கு வெட்கமாக இருக்கும். கத்துக்குட்டி என்று நினைத்துக்கொள்ளப் போகிறார்களே என்று பல்லைக் கடிப்பேன். அந்த வெட்கத்துக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

பிறகு உங்களுக்கு மூட்டு வலி வந்தது, மூச்சு வாங்கியது, வேலைக்கு வருவது நின்றது. ஆனாலும் நான் வீடு திரும்பினால் முதல் கேள்வி அதுதான். கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, மூக்கில் குழாய் வைத்துப் பக்கத்தில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சத்தமாகப் பேச முடியாமல் கையால் கூப்பிட்டீர்கள். ஏதோ சொல்லிவிட்டுப் போகப்போகிறீர்கள் என்று உங்கள் பிள்ளை வாசல்பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் காதைக் கிட்டே கொண்டுபோனேன். "எர்த்து இருக்குதா பாரு," என்றீர்கள். பிளக்கைக் குனிந்து பார்த்தேன். மேலே இருக்கும் மூன்றாவது முள், தடித்த எர்த் முள், சரியாகச் செருகியிருந்தது. இருக்குது அத்தை என்றேன். அதற்குப் பிறகுதான் கண்ணை மூடித் தூங்கினீர்கள். நானும் உங்கள் பிள்ளையும் வராந்தாவில் உட்கார்ந்து சிரித்தோம், அழுதோம். அடுத்த நாலாம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

எர்த் குழிக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். அதைச் சுற்றிப் புல் முளைத்திருக்கிறது. கறவை மாடு ஒன்று வாங்கியிருக்கிறோம். மோட்டார் கொட்டகைக் கதவில் கட்டலாம், ஒன்றும் ஆகாது. இருந்தாலும் நாங்கள் கட்டுவதில்லை. மஞ்சள் பை அலமாரியில் இருக்கிறது. உங்கள் பேத்தி அதிலிருப்பவற்றை எடுத்துப் பெயர் கேட்கிறாள். எனக்குத் தெரியாதது ஒன்றும் அதில் இல்லை. கேட்கிற குரல்தான் வேறு.

இன்று காலை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த வேங்கிக்கால் வீட்டம்மா பொறுமை இல்லாதவர். "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டேம்மா, சீக்கிரம் மேல ஏறிப் பாருங்க," என்றார். நான் நூலைப் பிரித்துப் பைக்குள் போட்டுவிட்டு, டெஸ்டரை முதலில் ஃபிரிட்ஜ் ஓடும் போர்டின் பிளக் ஓட்டையில் வைத்தேன். எரிந்தது. ஏணியில் ஏறி விளக்கின் கம்பியில் வைத்தேன். எரியவில்லை. இறங்கிவந்து மறுபடி ஃபிரிட்ஜ் பிளக்கில் வைத்தேன். எரிந்தது. திரும்ப ஏறினேன்.

"எதுக்கும்மா சும்மா ஏறி எறங்கிக்கினு? ஒரு தரம் பாத்தாப் போதாதா?"

"எங்க அத்தை கேப்பாங்க," என்றேன்.

"ஓ, மாமியாரா? வேலைக்குக் கூட வந்திருக்காங்களா? எங்க?"

என் கண் கம்பியில் இருந்தது. யோசிக்காமல்தான் சொன்னேன். "கீழ நிக்கறாங்க."

அந்த அம்மா குனிந்து ஏணியின் அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நானும் ஒரு நிமிஷம் வேலையை விட்டுவிட்டுக் கீழே பார்த்தேன்.

ஏணி ஆடவில்லை, அத்தை.

உங்கள்
செல்வி